தளபதி படத்தின் மேல் ஒரு காலண்டர்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட சலூன்காரன் பணிவுடன் எழுதுவது. நீங்களும் அக்காவும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, பயம் மட்டும்தான்.

கடையில் கண்ணாடிக்கு மேலே ராணுவத் தளபதி படம் இருப்பது உங்களுக்குத் தெரியும். சண்டை ஆரம்பித்த புதிதில் ஊரே மாட்டியது, நானும் மாட்டினேன். இப்போது சண்டையே யாருக்கும் பிடிக்கவில்லை. படத்தைக் கழற்றினால் துரோகி, விட்டுவைத்தால் ஜால்ரா. அதனால் அதே ஆணியில் ஒரு காலண்டரைத் தொங்கவிட்டேன். ஓய்வுபெற்ற வாத்தியார் வந்தால் தூக்கிவிடுவேன், பேக்கரிக்காரர் வந்தால் இறக்கிவிடுவேன். கழுத்தில் கத்தி இருக்கும்போது ஆள் அசையக்கூடாது என்பதால், நாற்காலியில் உட்கார்ந்தவர் எதைச் சொன்னாலும் ஆமாம் போடுவது என் தொழில் வழக்கம்.

போன செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் ஒன்றாக வந்து இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்துவிட்டார்கள். நான் காலண்டரைப் பாதி தூக்கி வைத்தேன். தளபதியின் தொப்பியும் ஒரு கண்ணும் தெரிந்தன. வாத்தியார், "பின்வாங்கறதும் ஒரு வியூகம்தான். இவரை மாதிரி பொறுமைசாலி கிடையாது" என்றார். ஆமாங்க என்றேன். முகம் முழுக்க நுரையோடு பேக்கரிக்காரர், "அவரு பொறுமையா டீ குடிக்கறாரு, பிள்ளைங்க செத்து விழுது" என்றார். அதற்கும் ஆமாங்க. "எதுக்குய்யா ஆமாங்கறே?" என்று இருவரும் சேர்ந்து திரும்பியதில் வாத்தியாரின் பாதி மீசை என் கத்தியோடு வந்துவிட்டது.

அதுகூடப் பரவாயில்லை மச்சான். பெஞ்சில் முன்பின் தெரியாத ஒருவர், சாம்பல் நிறக் கோட்டு, எழுந்து வந்து ஒரு விரலால் காலண்டரைத் தூக்கிப் பார்த்தார். "உங்க கருத்து என்ன?" என்றார். "கருத்தெல்லாம் இங்கே கிடையாதுங்க, கட்டிங், ஷேவிங் மட்டும்தான்" என்றேன். சிரித்துவிட்டு முடி வெட்டாமலே போய்விட்டார். முடி வெட்ட வராத ஆளுக்கு சலூனில் என்ன வேலை? அன்றிலிருந்து தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் கத்தியை மடக்கி வைத்துவிடுகிறேன். கத்தியை மடக்கிட்டு யார் தாடையை மழிக்கறது?

உள்ளதைச் சொல்றேன். நம்ம பையன் அந்தத் தளபதிக்குக் கீழேதான் இருக்கான். ரெண்டு மாசமா ஒரு வரி வரலை. வாத்தியார் சொல்றது சரியா இருக்கணும்னு வேண்டிக்கறேன். பேக்கரிக்காரர் சொல்றதுதான் சரியோன்னு பயமா இருக்கு.

கடையைப் பூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கே வந்துவிடுகிறோம். மாடி அறையை ஒழித்து வையுங்கள். அக்காவுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
கருத்து எதுவுமில்லாத,
உங்கள் தங்கை கணவன்.

பி.கு.: நாங்கள் வரவில்லை. "நாம பூட்டிட்டுப் போயிட்டா பிள்ளையோட கடுதாசி எந்தக் கதவுக்கு வரும்?" என்று உங்கள் தங்கை கட்டிய பெட்டியைப் பிரித்துவிட்டாள். இப்போதெல்லாம் எல்லாக் கடிதங்களையும் படித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறார்களாம், அதையும் அவள்தான் சொன்னாள். ஆகவே, இதைப் பிரிக்கும் ஐயா அவர்களுக்கு: தளபதி மாவீரர். உங்களுக்கு அப்படித் தோணலைன்னா எனக்கும் தோணலைங்க. காலண்டரைத் தூக்கணுமா இறக்கணுமான்னு நீங்களே சொல்லுங்க. என் பையன் கடிதம் உங்க மேசையில கிடந்தா, எத்தனை வரி வேணும்னாலும் அடிச்சுக்குங்க. கடைசியில அவன் போட்ட கையெழுத்தை மட்டும் விட்டுவையுங்க.