முன்னாடியே கேட்டவர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. அவர்களுக்கு இந்த உலகத்தில் எந்தப் பாட்டும் புதிதல்ல.

ஒரு பாட்டு நேற்றுச் சாயங்காலம்தான் வெளிவந்திருக்கும். நீங்கள் அதைக் கேட்டு, பிடித்துப்போய், ராத்திரி நாலு தடவை திரும்பக் கேட்டு, நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்ற ஆசையோடு காலையில் வேலைக்கு வந்து வாயைத் திறப்பீர்கள். எதிர் மேசைக்காரர் பால் விட்ட தேநீரை ஒரு வாய் உறிஞ்சுவார், கண்ணைப் பாதி மூடுவார், "அதுவா? பழசாச்சே" என்பார். அவ்வளவுதான். உங்கள் ஆசையில் மண். இவர்தான் முன்னாடியே கேட்டவர்.

இவரைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. "தெரியாது" என்ற சொல் இவர் வாயில் வராது. "முதல்ல வந்தது இதைவிட நல்லா இருக்கும்" என்பார். "இப்ப எல்லாரும் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க, அதான் நான் விட்டுட்டேன்" என்பார். சரி ஐயா, அந்த முதலில் வந்ததைக் கொஞ்சம் காட்டுங்களேன் என்று கேட்டால் ஒரு பெருமூச்சு விட்டு, "நீக்கிட்டாங்க" என்பார். யார் நீக்கினார்கள், ஏன் நீக்கினார்கள், நீக்கியவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்றெல்லாம் கேட்கக் கூடாது. கேட்டால் உங்களுக்கு இசை தெரியாது என்று அர்த்தம்.

எங்கள் அல்மாட்டியில் பேருந்துக்கு இரண்டு பேராவது இப்படித் தேறுவார்கள். ஆனால் அசல் சரக்கு என்றால் அது யெர்சாயின்தான். வயது முப்பத்தெட்டு. வீடு வீடாகப் போய் ஜன்னலுக்கு அளவெடுக்கிற உத்தியோகம். தலைமுடிக்குச் சாயம் பூசிய இளவட்டங்கள் கசாக் மொழியில் ஆடிப் பாட ஆரம்பித்தபோது ஊரே மூக்கில் விரலை வைத்தது. யெர்சாயின் மட்டும், "இவங்க சாயம் பூசறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்" என்றார். போன கோடையில் சிம்கென்ட் பக்கம் ஒரு லாரி டிரைவர் தர்பூசணியைத் தட்டித் தாளம் போட்டுப் பாடிய பதினைந்து விநாடி, போனுக்குப் போன் பறந்தது. பள்ளிக்கூட வாத்தியார்கள் தட்டினார்கள், பல் டாக்டர்கள் தட்டினார்கள், பசார் முழுக்க தர்பூசணி தட்டுகிற சத்தம். யெர்சாயின் அதைப் பார்த்துவிட்டு, "முதல்ல முலாம்பழத்துலதான் தட்டினாங்க" என்றார். முலாம்பழத்தில் தட்டினால் சத்தமே வராது என்று யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு நமக்கே ஒரு பயம் இருக்கிறதே!

இதெல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லாத வியாதி என்றுதான் அவர் மனைவி மக்பால் பன்னிரண்டு வருஷமாக நினைத்திருந்தாள். அவருடைய தம்பி துலாத்தின் கல்யாணம் வரும்வரை.

கல்யாணத்துக்கு ஆறு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, யெர்சாயினின் அம்மா ரகிமா வீட்டில் எல்லோரும் தேநீருக்குக் கூடியிருந்தார்கள். பொரித்த பவுர்சாக் உருண்டைகள் மேசையில் மலையாகக் கிடந்தன. மக்பாலின் தங்கை ரௌஷனும் வந்திருந்தாள். மணப்பெண்ணின் முகத்திரையை விலக்கும்போது பாடுகிற பெத்தாஷார் பாட்டை இந்தக் கல்யாணத்தில் அவள்தான் பாடுவதாக ஏற்பாடு. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற வேலையை இரண்டு மாதம் முன்புதான் விட்டுவிட்டு, இனிமேல் பாட்டுத்தான் சோறு என்று இறங்கியிருந்தாள். தம்ப்ரா வாத்தியத்தின் இரண்டு தந்திக்கு அடியில் புதுமாதிரியாக ஒரு தாளத்தை ஓட விட்டிருந்தாள்.

"ஆரம்பம் மட்டும் போடறேன் அத்தை. உள்ள இருக்கறதை அன்னிக்குத்தான் கேக்கணும்" என்று போனை மேசைமேல் வைத்தாள்.

இருபது விநாடி ஓடியது. ரகிமாவின் கால் தன்னையறியாமல் ஆடியது. துலாத் எழுந்தே விட்டான். அப்போதுதான் யெர்சாயின் ஒரு பவுர்சாக்கை விழுங்கிவிட்டு வாயைத் திறந்தார்.

"நல்லாத்தான் இருக்கு ரௌஷன். ஆனா, இது பழசாச்சே."

"பழசா? அத்தான், இதை நான் வியாழக்கிழமைதான் போட்டு முடிச்சேன்!"

"பிஷ்கெக்ல ஒரு பையன். மூணு வருஷம் இருக்கும். இதே தாளம்தான். அது இன்னும் நல்லா இருந்துச்சு."

பொய் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்தாரா? சத்தியமாக இல்லை. இந்த இனத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். வாய் சொல்லிவிடும், மனசு பின்னாலேயே ஓடிப்போய் அதற்கு ஆள் பிடித்துக்கொண்டு வரும். சொல்லி முடிப்பதற்குள் யெர்சாயினின் கண்முன் அந்தப் பையன் வந்து நின்றுவிட்டான். சாம்பல் நிறத் தொப்பிகூடப் போட்டிருந்தான்.

ரகிமா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அப்ப இது யாரோ போட்டுக் கழிச்ச பாட்டா? என் மருமகளுக்கா?"

ரௌஷன் முகம் வெளுத்தது. போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு வீட்டு பெத்தாஷாரை இன்னொரு வீட்டில் பாடுவது, ஒரு வீட்டு மணப்பெண்ணுக்கு இன்னொருத்தியின் பேரை வைப்பது மாதிரி. பழைய மெட்டாக இருக்கலாம், சொல்லும் தாளமும் அந்தந்த வீட்டுக்கென்று பிறக்க வேண்டும். திருடியவள் என்று பெயர் வாங்கினால் அப்புறம் எந்த வீட்டுக் கூடத்திலும் கால் வைக்க முடியாது. ரகிமா தன் தங்கைக்குப் போன் செய்தாள். தங்கை யாருக்கெல்லாம் செய்தாள் என்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா? செவ்வாய்க்கிழமைக்குள் ரௌஷனை ஏற்பாடு செய்திருந்த வேறு இரண்டு வீட்டார், எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

யெர்சாயினுக்கு இப்போதுதான் பயம் வந்தது. நண்பன் அல்மாஸிடம் மெதுவாக விசாரித்தார்.

"பிஷ்கெக்ல ஒரு பையன் பெத்தாஷாருக்குத் தாளம் போட்டான் பாரு, கேட்டிருக்கியா?"

"கேக்காம என்னடா! எப்பவோ கேட்டாச்சு" என்றான் அல்மாஸ்.

"சாம்பல் கலர் தொப்பி?"

"அதே தொப்பிதான்! இப்ப அவன் இஸ்தான்புல் போயிட்டான்."

ஆக, பையன் இருக்கிறான்! யெர்சாயினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்து தேடினார். பையன் பாட்டைத் தேடினார், தொப்பியைத் தேடினார், இஸ்தான்புல்லைத் தேடினார். மக்பால் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

"எங்க, காட்டுங்க."

"நீக்கிட்டாங்க போலிருக்கு."

"நான் உங்களைப் பன்னிரண்டு வருஷமா பாக்கறேன். நீங்க அதைக் கேக்கவே இல்ல. வேலையை விட்டுட்டு நிக்கறா என் தங்கச்சி. 'நான் கேட்டதில்ல'ன்னு நாலு பேர் முன்னாடி ஒரு வார்த்தை சொன்னா உங்க தலை கழண்டு விழுந்துடுமா?"

விழாது. அது யெர்சாயினுக்கும் தெரிந்தது. மறுநாள் ஒரு வீட்டில் ஜன்னலுக்கு அளவெடுக்கும்போது, யாரும் இல்லாத அறையில் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார். "நான்... கேட்ட..." என்பது வரை வந்தது. "...தில்லை" வரவில்லை. வெட்கமாக இருந்தது அவருக்கு, உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. அந்த ஜன்னலுக்கு அளவும் தப்பாகப் போயிற்று.

ரௌஷனை நிறுத்திவிட்டு வேறு பாடகரைத் தேட ஆரம்பித்தாள் ரகிமா. அப்போது மணப்பெண் இன்கார் தன் வீட்டிலிருந்து போன் செய்தாள். "அத்தை, பழசோ புதுசோ, ரௌஷன் அக்காதான் பாடணும். இல்லேன்னா நான் திரையே போட்டுக்க மாட்டேன், திறந்த முகத்தோட வந்து நிப்பேன்" என்றாள். திறந்த முகத்தோடு வரும் மருமகளை நினைத்து ரகிமா நெஞ்சில் கைவைத்துக்கொண்டு சம்மதித்தாள்.

சனிக்கிழமை. கூடத்தில் முந்நூறு பேர். ரௌஷன் தம்ப்ராவோடு வந்து நின்றதும் மேசைக்கு மேசை கிசுகிசுப்பு. "இதுதான் பிஷ்கெக் பாட்டு." "நான்கூடக் கேட்டிருக்கேன்." வேண்டாம் என்று சொன்ன இரண்டு வீட்டாரும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் மாப்பிள்ளையின் பெரியப்பா சபாரைப் பேர் சொல்லி அழைத்தாள். பின்பக்கம் மட்டுமே ஓடிய லாரியைத் தால்கரிலிருந்து வீடுவரை பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு வந்த வீரர் இவர், இவருக்கு ஒரு வணக்கம் என்று பாடினாள். திரைக்குள்ளிருந்து இன்கார் குனிந்தாள். கிழவர் சிரித்துக்கொண்டே வந்து, முகம் பார்ப்பதற்கான காணிக்கையை வைத்தார். கூடம் அதிர்ந்தது.

"பிஷ்கெக் பையனுக்கு நம்ம சபார் லாரி எப்படித் தெரியும்?" என்று எங்கோ ஒரு குரல் கேட்டது. யெர்சாயினின் காது சூடேறியது.

அடுத்து அம்மா. அதற்கு அடுத்து மூத்தார், அதாவது யெர்சாயின். எழுந்து போய் நின்றார். எங்கள் பக்கத்தில் அக்கா புருஷனைக் கேலி செய்ய மைத்துனிக்கு முழு உரிமை உண்டு. அதில் கோபித்துக்கொள்கிறவனை ஊர் மதிக்காது. ரௌஷன் தந்தியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பாடினாள்:

"மூத்தார் வந்து நிற்கிறார், முகம் மறைத்த பெண்ணே,
குனிய நீ அவசரப்பட வேண்டாம்.
ஊருக்குப் புதிதெல்லாம் இவருக்குப் பழசு;
உன் முகத்தையும் மூன்று வருஷம் முன்பே
பார்த்துவிட்டார் இவர், திரை இவருக்கு எதற்கு?"

முதலில் சிரிப்பு. பிறகு, பெண் வீட்டார் மேசையில் சிரிப்பு சட்டென்று நின்றது. தராஸிலிருந்து வந்திருந்த பெண்ணின் தாய்மாமன், தோள் அகலமான மனுஷன், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "எங்க பாத்தீங்க?"

"டேய்," என்றாள் ரகிமா, "எங்கடா பாத்தே?"

துலாத் அண்ணனையே பார்த்தான். ரௌஷன் தம்ப்ராவை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

யெர்சாயின் வாயைத் திறந்தார். பழக்கதோஷம், "அது வந்து, மூணு வருஷம் முன்னாடி..." என்று நாக்கு கிளம்பியே விட்டது. அதற்குள் ஏழாவது மேசையிலிருந்து அல்மாஸ், "ஆமா, நான்கூடப் பாத்தி..." என்று ஆரம்பிக்க, அவன் மனைவி தொடையில் கிள்ளிய கிள்ளில் பாதியில் நின்றது.

தாய்மாமன் கோட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

"இல்ல!" என்று கத்தினார் யெர்சாயின். "பாத்ததில்ல! இன்னிக்குத்தான்! முதல் தடவை!"

"கேக்கல அத்தான். மைக்ல சொல்லுங்க."

"முதல் தடவை!"

"பாட்டு?"

முந்நூறு பேர் இருந்த கூடத்தில் கரண்டிச் சத்தம்கூட இல்லை. மக்பால் கண்ணில் தண்ணீர் நிற்பதை யெர்சாயின் பார்த்தார். மைக்கை இன்னும் கிட்டே இழுத்தார்.

"அதையும் கேட்டதில்ல. பிஷ்கெக்ல அப்படி ஒரு பையனே இல்ல. நானா சொன்னது. இந்தப் பாட்டு ரௌஷனோடது."

தலை கழண்டு விழவில்லை. "இவருக்கு இரண்டு வணக்கம்" என்று ரௌஷன் பாடினாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. திரை விலகியது. இன்கார் சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். முன்பின் பார்த்திராத ஒரு முகத்தை, பார்த்திராத முகமாகவே பார்ப்பது இத்தனை சந்தோஷமா என்று யெர்சாயினுக்கு ஆச்சரியமாக இருந்தது. சாப்பாடு முடிவதற்குள் அந்த இரண்டு வீட்டாரும் ரௌஷனிடம் தேதியை உறுதி செய்துகொண்டார்கள். மூன்றாவதாக ஒரு வீட்டாரும் வந்தார்கள்.

யாரோ ஒரு புண்ணியவான் யெர்சாயின் கத்தியதைப் பின்னாலிருந்து போனில் படம் பிடித்திருந்தான். ஒரு முதுகும், சிவந்த இரண்டு காதும், "முதல் தடவை!" என்ற அலறலும் மட்டும். திங்கட்கிழமைக்குள் நாடே அதற்கு வாயசைத்தது. புதுக் கார் வாங்கியவன் அலறினான், பால் பல் விழுந்த குழந்தை அலறியது. புதன்கிழமை யெர்சாயின் அளவெடுக்கப் போன வீட்டுக்காரர் போனை நீட்டினார்.

"இதைப் பாத்தீங்களா? புதுசா வந்திருக்கு."

"அது நான்தாங்க" என்றார் யெர்சாயின்.

வீட்டுக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நேத்து குழாய் ரிப்பேர் பண்ண வந்தவரும் இதையேதான் சொன்னாரு" என்றார்.

வாசகரே, நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் நடுவில் எங்கோ, சபாரின் லாரி வரும்போதோ தாய்மாமன் எழும்போதோ, "இந்த மாதிரி ஒண்ணை எங்கேயோ படிச்சிருக்கேனே, அது இதைவிட நல்லா இருந்துச்சே" என்று உங்களுக்கு ஒரு நினைப்பு ஓடியதே, அது எந்தப் புத்தகம்? எந்த வருஷம்? பக்கத்தில் உங்கள் வீட்டார் இருந்தால் அவர்களிடம் கொஞ்சம் எடுத்துக் காட்டுங்களேன்.