இரண்டு கதவுக் கலியாணக் கார்

ஒன்றும் தெரியாதவர்களால் வரும் வில்லங்கம் சின்னது. எல்லாம் தெரிந்த என்னைப் போன்றவர்களால்தான் குடும்பத்தின் மானம் போகிறது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஆறு வருடம் எடுத்தது. கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

அக்காவின் கலியாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் கொழும்பிலிருந்து ஒரு ஜெர்மன் கம்பனியின் வெள்ளைக் கூப்பேயை, அதுதான் இரண்டு கதவுக் காரை, எடுப்பிக்கிறார்களாம் என்று எங்கள் ஊர் பேசாலை முழுக்கக் கதை. அப்படியென்றால் நாங்கள் அதன் பரம வைரிக் கம்பனியின் கூப்பேயில்தானே போகவேண்டும்? வீட்டில் கார் பற்றிப் பேசத் தகுதியுள்ள ஒரே ஆள் நான். (தகுதி: யூடியூப்.) மூன்று கிழமை சாப்பாட்டு மேசையில் விரிவுரை நடத்தினேன். ஒரு கம்பனி ஓட்டுபவருக்காகக் காரை இறுக்கமாகச் செய்யும். மற்றது சொகுசுக்காக மெத்தென்று செய்யும். இந்த வருடம் ஒன்று கண்ணிமைக்கும் நேரம் முந்தி நூறு கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டால், அடுத்த வருடம் மற்றது அதை முந்தும். ஒன்று கூரையை அழகாகச் சரித்தால் மற்றது இன்னும் சரிக்கும். அந்தச் சரிவுக்குக் கீழே மனிசர் இருப்பார்கள் என்பதை இரண்டு கம்பனியும் மறந்துவிட்டன. நானும்தான்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. "எந்தக் காரெண்டாலும் பரவாயில்லை. மாதா கோயில் வாசல்ல இருந்து பீடம் வரைக்கும் அப்பாட கையைப் பிடிச்சுக்கொண்டு போகோணும்."

கறுப்புக் கூப்பே வந்தது. அக்காவின் கவுன் பின்சீற்றுக்குள் அடங்காது என்றபடியால் அவள் முன்னுக்கு. கோட்டுப் போட்ட அப்பாவும் மணப்பெண் தோழியான நானும் பின்னுக்கு மடிக்கப்பட்டோம். அப்பாவின் முழங்கால் அவருடைய நாடியில் முட்டியது. வழியெல்லாம் எங்கள் ஊர்க் கழுதைகள் மறித்து நின்றதால், அந்த மகா எஞ்சின் கோயில்வரை நடைவேகத்தில் உறுமிக்கொண்டு போனது.

அக்கா இறங்கினாள். நாங்கள் இறங்க அவளுடைய சீற்று மடியவேண்டும். சாரதி ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். சீற்று ராசா மாதிரி மெதுவாக முன்னுக்குப் போய், அதே மரியாதையோடு திரும்பி வந்து அப்பாவின் காலை அமத்தியது. கோயிலுக்குள்ளே வருகைப் பாடல் முடிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அக்கா வாசலில் தனியே நின்று அழத் தயாரானாள். கடலில் கவிழ்ந்த வள்ளத்துக்கு அடியிலிருந்து நீந்தி வந்த மனிசன் என் அப்பா. அவரை மாப்பிள்ளையின் மாமன்மார் இருவர் இழுத்தெடுத்தார்கள். பின்பக்கம்தான் முதலில் வெளியே வந்தது. கலியாண வீடியோ அதில்தான் தொடங்குகிறது.

அவருடைய கால் சப்பாத்து ஒன்று சீற்றுக்கடியில் மாட்டிக்கொண்டது. அப்பா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒற்றைச் சப்பாத்தோடு அக்காவின் கையைப் பிடித்துப் பீடம்வரை நிமிர்ந்து நடந்தார்.

அவர்களுடைய வெள்ளைக் கூப்பே வாசலில் மினுங்கிக்கொண்டு நின்றது, வெறுமையாக. மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் ஒரு பெரிய வான் வண்டியில் வந்திறங்கியிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது போட்டோவுக்குப் பிள்ளை. உதுக்குள்ள ஆர் ஏறுறது?"

நான் பார்த்த அத்தனை யூடியூப் வீடியோவில் ஒருவனாவது இதைச் சொன்னானா? எஞ்சின் சத்தத்துக்குப் பத்து நிமிடம், பின்விளக்குக்கு ஐந்து நிமிடம். ஒரு தகப்பன் எப்படி இறங்குவது என்பதற்கு ஒரு நிமிடம்கூட இல்லை!

இப்போது எனக்குக் கலியாணம் பேசி முடித்திருக்கிறார்கள். காரை நானே பார்க்கிறேன், இந்தமுறை நாலு கதவு என்றேன். அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"எந்தக் காரெண்டாலும் பிடி பிள்ளை. நான் முன்னுக்கே நடந்து போய் வாசல்ல நிக்கிறன். ரெண்டு சப்பாத்தோடயும்."