கன்னிக்கால் குழிக்குள் ட்ராம் தண்டவாளம்

ஒக்லாந்து,
பெப்ரவரி 1996

பெருமதிப்புக்குரிய அத்தானுக்கு,

ஆண்டவர் துணையால் இங்கு எல்லோரும் சுகம். கொழும்பில் நீங்களும் அக்காவும் பிரஷரைக் கட்டுக்குள் வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலில் நல்ல செய்தி. மகள் ஜனுஷாவின் கல்யாணப் பந்தல் சனிக்கிழமை எங்கள் வளவிலேயே எழும்புகிறது. நேற்று மத்தியானம்வரை எழும்பாது என்றுதான் இருந்தது.

நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர் என்றாலும், பந்தலின் முதற்காலான கன்னிக்காலை நடாமல் பிள்ளையை அனுப்பமாட்டேன் என்று மரியநாயகி ஒற்றைக்காலில் நின்றாள். வடகிழக்கு மூலையில் நானே மண்வெட்டி பிடித்தேன். இந்த மலைச்சரிவில் மண் எங்கே, எல்லாம் எரிமலைக் கல். முழங்கை ஆழத்தில் இரும்பு தட்டுப்பட்டது. பார்த்தால் தண்டவாளத்தின் தலை. உங்கள் இளமையில் கொழும்பில் ஓடியதே, அதுபோல ட்ராம் இந்த மேட்டிலும் ஓடி, நாற்பது வருடத்துக்கு முன் நின்றுபோனதாம். பேசாமல் குழியை மூடியிருக்கலாம். நானோ கோயிலில் பூசை முடிந்து எல்லோரோடும் தேத்தண்ணீர் குடிக்கையில், என் வளவுக்குள்ளால்தான் ட்ராம் ஓடினது என்று அளந்துவிட்டேன். இரண்டாவது கோப்பையில் கவர்னரும் அதில் ஏறிவிட்டார்.

மறுநாளே வரலாற்றுச் சங்கத்து மிஸிஸ் ஹார்டிங் வாசலில் நின்றார். குழியைப் பார்த்துக் கண் கலங்கி, கமிட்டி வரும்வரை ஒரு கல்லும் அசையக்கூடாது, பந்தல் கதையே வேண்டாம் என்றார்.

"வாயாலேயே மகளின்ர கலியாணத்தைக் குழப்பின தகப்பன் உலகத்திலை நீங்கள் ஒராள்தான்" என்றாள் மரியநாயகி.

நேற்றுக் கமிட்டி வந்தது. மிஸிஸ் ஹார்டிங் பிரசங்கம் வைத்தார். அந்தக் காலத்தில் ஒரு துரை மாவோரிகளிடம் அடிமாட்டு விலைக்குக் குன்றை வாங்கி, துண்டு துண்டாக விற்கப் பார்த்தாராம். மேடு ஏற ஒருவருக்கும் மனமில்லை. ட்ராம் வந்தபிறகுதான் காணி விலைப்பட்டதாம். நான் தலையாட்டியபடி சட்டைப்பைக்குள் செபமாலை உருட்டினேன். கமிட்டியில் ஒருவர் மண்ணை விலக்கினால், தண்டவாளம் படுத்திருக்கவில்லை, நிமிர்ந்து நிற்கிறது. பக்கத்தில் துருவேறிய கொடிக்கம்பி. ட்ராம் நின்றபோது யாரோ புண்ணியவான் ஒரு துண்டைத் தூக்கிவந்து உடுப்புக் காயப்போட நட்டிருக்கிறான். கமிட்டியின் முகம் தொங்கியது. எனக்கு உயிர் வந்தது. கன்னிக்காலுக்கு வழக்கமான முள்முருக்கு இங்கே கிடைக்காதபடியால் அதே குழியில் எலுமிச்சங்கொப்பை நட்டு, தீர்த்தம் தெளித்து, நேற்றிரவு வயிறாரச் சாப்பிட்டேன்.

விசா கிடைக்காத குறையை உங்கள் ஆசீர்வாதம் தீர்க்கட்டும். பிள்ளைகளுக்காக ஒரு அருள்நிறை மரியே சொல்லுங்கள். மூச்சு மிச்சமிருந்தால் எனக்கும் ஒன்று.

தங்கள் கீழ்ப்படிவுள்ள மைத்துனன்,
வின்சென்ற்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் மிஸிஸ் ஹார்டிங் திரும்பவும் வந்தார். வெறுங்கையோடு போக மனமில்லாமல் செடிக்குள் கிளறி, துரை காணி பிரித்தபோது நட்ட எல்லைக்கல்லைக் கண்டுபிடித்துவிட்டார். அது குழிக்கு எங்கள் வீட்டுப் பக்கமாக இருக்கிறது. ஆகவே எங்கள் கன்னிக்கால் நிற்பது பக்கத்து வீட்டு மலேசியாக்காரர் சிவசாமியின் நிலத்தில். என் காணியை அமுக்கிவிட்டார் என்று நான் கதைக்காமல், கல்யாணத்துக்கும் சொல்லாமல் விட்ட அதே சிவசாமி. நட்டதைப் பிடுங்கக்கூடாது என்று மரியநாயகி அழுகிறாள். மனுஷன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இருக்கட்டும் சார், பிடுங்காதீங்க. நம்ம வீட்டுலயும் ரெண்டு பையன் கல்யாணம் ஆகாம இருக்கானுங்க" என்கிறார்.