ரெண்டு இஞ்சு அக்காவும் வலித்த ஜாக்கெட்டும்

அன்று தையல் கடையில் இருந்தவர்கள்: இட்லிக் கடை மரகதம். மகளுக்குப் பாவாடை தைக்க வந்த கண்டக்டர் பெண்சாதி. நான். மிஷினில் ரெண்டு இஞ்சு அக்கா.

சித்தூரிலும் திருப்பதியிலும் எத்தனையோ தையற்காரிகள் இருக்கிறார்கள். எங்கள் புத்தூர் அக்காவைப் போல உள்ளே துணியை ஒளித்து வைக்கிறவர் ஒருவரும் கிடையாது. எதைத் தைத்தாலும் இரண்டு இஞ்சு உள்ளே மடித்து விட்டுத்தான் தைப்பார். ஜாக்கெட் என்றால் சரி. தலையணை உறைக்கும் விட்டார். மரகதத்தின் மாமனார் இறந்தபோது அவர் போட்டோவுக்குத் துணி உறை தைத்தார். அதிலும் இரண்டு இஞ்சு.

"அவரு இனிமே எங்க வளரப் போறாருக்கா?" என்றாள் மரகதம்.

"பிரேமு பெருசா மாத்துவ இல்ல? அப்ப எங்கிட்டதான வருவ?"

இன்னொரு குணமும் உண்டு. அவர் தையலைக் குறை சொல்லக் கூடாது. ஜாக்கெட் சேரவில்லை என்று யாராவது போய் நின்றால், "உங்க வூட்டுக் கண்ணாடி தப்பு" என்பார்.

நான் அன்று குறை சொல்லத்தான் போயிருந்தேன்.

"அக்கா, ஜாக்கெட்டு வலிக்குது."

மிஷின் நின்றது.

"இன்னாது? என் தையலு வலிக்குதா?"

தையல் வலிக்கவில்லை. எனக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. அதற்கு முன் இரண்டு தடவை தங்காமல் போன வயிறு. முன்கூட்டியே சொன்னதால்தான் கண் பட்டது என்று மாமியாருக்கு எண்ணம். மூன்று மாதம் முடியாமல் வெளியே மூச்சு விடக் கூடாது என்றார். வாயை மூடிக்கொண்டேன். மார்பு கேட்கவில்லை. கனத்துப் போயிற்று. தறிக் கொட்டகையில் நூல் பெட்டியை அணைத்துத் தூக்கினால் கண் இருட்டும். பஸ் பள்ளத்தில் இறங்கினால் முந்தானைக்குள் கை கொடுத்துத் தாங்கிக்கொள்வேன். குளிக்கும்போது தண்ணீர் பட்டாலே சுருக்கென்றது.

அக்கா தையலைப் பிரித்துக் கொஞ்சம் விட்டுத் தந்தார். அந்த வாரமே திரும்பப் போனேன். இன்னும் கொஞ்சம் விட்டார். மறுபடியும் போனேன். அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நூல் கடைக்குப் போய், "நீ குடுத்த நூலு பொம்பளைங்கள குத்துது" என்று சண்டை போட்டார். கடைக்காரர் பயந்து வேறு நூல் கொடுத்தார்.

கடைசியில் ஒளித்து வைத்த துணி எல்லாம் தீர்ந்தது.

"இன்னுமாடி வலிக்குது?"

"வலிக்குதுக்கா."

திரைக்குப் பின்னால் இழுத்துப் போய் டேப்பைச் சுற்றினார். பட்டதும் "அம்மா" என்று துள்ளினேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். அப்படி ஒரு சந்தோஷம். முதலில் எனக்காக இல்லை, தன் தையல் தப்பில்லை என்பதற்காக. அப்புறம்தான் எனக்காக. "பேசாம இரு" என்று காதில் சொல்லிவிட்டு, வெளியே தலையை நீட்டிக் கத்தினார்.

"இவ பிரியாணி துன்னு துன்னு ஊதிட்டா! என் தையலு இன்னா பண்ணும்?"

"அதான பார்த்தேன்" என்றாள் அன்றும் வந்திருந்த மரகதம்.

தெரு முழுக்க நான் தீனிக்காரி ஆனேன். அதுவும் நல்லதுதான். யாரும் வேறு எதுவும் கேட்கவில்லை.

அக்காவே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நர்ஸம்மா தெலுங்கும் தமிழுமாகச் சொன்னார். "கனக்கும். வலிக்கும். பச்ச நரம்பு தெரியும். காம்பு கறுக்கும், சுத்தி சின்னச் சின்னதா பொரி மாதிரி வரும். அந்தா மாமூலே, எல்லாம் சகஜம்தான். கம்பி வெச்ச பாடி போடாத. மெத்துனு பருத்தித் துணியில, கொஞ்சம் பெருசா, தாங்கிப் புடிக்கிற மாதிரி போடு. படுக்கும்போது வலிச்சா இறுக்காததா ஒண்ணு போட்டுக்கோ. காம்புக்கு சோப்பு வேணாம், வெறும் தண்ணி போதும். கட்டி தெரிஞ்சா, செவந்து காய்ச்சல் வந்தா, ரத்தம் கசிஞ்சா உடனே வந்துடு."

"வெளக்கெண்ண தேய்க்கலாமா?" என்றார் அக்கா.

"உங்களுக்கு வேணும்னா தேய்ச்சிக்கோங்க."

எண்ணெயை விட்டுவிட்டு அக்கா பழைய வேட்டியைக் கிழித்து எனக்குப் பாடி தைத்தார். போட்டதே தெரியாது. அவ்வளவு மெத்தென்று இருந்தது.

ஒரு நாள் காலையில் எழுந்தேன். வலி இல்லை. நூல் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். வலி இல்லை. போன தடவையும் முதலில் வலிதான் நின்றது. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நேராகக் கடைக்குப் போனேன்.

"அக்கா, வலிக்கல."

ஊசி துணியில் குத்தியபடி இருக்க, அக்கா எழுந்து வந்து ஆட்டோவை நிறுத்தினார். வழியெல்லாம் என் கையைப் பிடித்திருந்தார்.

"மூணு மாசம் ஆவப் போவுதே. வலி தானா கொறையும்மா" என்றார் நர்ஸம்மா. "எதுக்கும் பார்த்துடலாம்." அடிவயிற்றில் கருவியை வைத்து நகர்த்தினார். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் நகர்த்தினார். கேட்டது. டக்கு டக்கு டக்கு டக்கு.

"இன்னாம்மா இது, இம்மாம் வேகமா ஓடுது? பெல்ட்டு அறுந்துடாதா?" என்றார் அக்கா.

நர்ஸம்மா சிரித்தார். நான் அழவில்லை. அக்காதான் முந்தானையால் மூக்கைச் சிந்தினார்.

எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது அக்காவின் மகன் வந்து அவரைத் தன்னோடு இருக்கச் சாந்திபுரத்துக்குக் கூட்டிப் போய்விட்டான். எனக்குப் பெண் பிறந்தது. போனில் சொன்னேன்.

"யாரு மாரிடி இருக்குது?"

"கத்துறத பார்த்தா உங்கள மாரிதான்க்கா."

"அப்ப கூட்டிக்கினு வா. நான் பாக்கணும்."

இன்னும் போகவில்லை. தறியில் லீவு கிடைக்கவில்லை. நேற்று மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் விசாரித்துவிட்டு மட்டும் வந்தேன். சாந்திபுரத்துக்கு நேரே பஸ் இல்லை. சித்தூரில் மாற வேண்டும். பலமநேரில் மாற வேண்டும்.

மூன்று பஸ்.