இடது பெடல்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. அதற்கு மூன்று சைக்கிள். தார் ரோட்டுக்கு ஒன்று, சேற்றுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று. எதற்கு மூன்று என்று கேட்காதீர்கள். வைத்திருந்தது, அவ்வளவுதான்.

அந்த வருடம் பக்கத்துக் காட்டோடு சைக்கிளில் மலையேறும் பந்தயம். ஜெயிக்கிற காட்டுக்கு உச்சிப் பாறைத் தேன்கூடு. தோற்றால் தேன் போச்சு, கரடி மழைக்காலம் முழுக்கக் கிழங்கு தோண்ட வேண்டியதுதான். காட்டுக்கு ஒருவர்தான் போகலாம். தேர்வு செய்பவர் சைக்கிள் சங்கத் தலைவர் யானை.

"எத்தனை வாட் சக்தியில் மிதிக்கிறாய் என்று விண்ணப்பத்தில் எழுது. இருநூறுக்குக் குறைந்தால் தள்ளுபடி. உன் சைக்கிள் எல்லாவற்றையும் ஒரே மீட்டரால் அளந்திருக்க வேண்டும்" என்றது யானை.

கரடி குரங்கின் கடைக்குப் போனது.

"மூணு சைக்கிளுக்கும் பொதுவா ஒரு மீட்டர் கொடு."

"சக்கரத்துக்குள்ள வர்றது இருக்குண்ணே. உங்க மூணு சக்கரமும் மூணு அளவு. சரிப்படாது. கிராங்க்ல, அதான் பெடல் மாட்டுற தண்டுல, வர்றதுன்னா ஒவ்வொரு தடவையும் பாதி வண்டியைப் பிரிக்கணும். பெடல் மீட்டர் எடுத்துக்கங்க. ஒரு ஸ்பேனர் போதும். கழட்டு, மாட்டு."

"ரெண்டு காலையும் அளக்குமா?"

"அது விலை ஜாஸ்தி. இது இடது காலை மட்டும் அளந்து, ரெண்டால பெருக்கிக் காட்டும். ரெண்டு காலும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்" என்றது கரடி.

ஐந்து வருடம் முன்பு அதன் இடது கால் பொறியில் சிக்கியது. அன்று முதல் வலது கால்தான் இரண்டு கால் வேலையையும் பார்த்து வந்தது. கரடிக்கு அது மறந்தே போயிருந்தது.

ஒரு வாரம் மாற்றி மாற்றி மாட்டி மிதித்தது. மூன்றிலும் நூற்றிருபது.

"தள்ளுபடி" என்றது யானை.

"தலைவரே, தினமும் உச்சிக்குப் போய்ட்டு வர்றேன். நேத்து நீங்க நக்கின தேன் அங்கேர்ந்து வந்ததுதான்."

யானை தும்பிக்கையைத் துடைத்துக்கொண்டது. "நூற்றிருபது வாட் உள்ளவன் அவ்வளவு உயரம் ஏற முடியாது. ஆகவே அது உச்சித் தேன் இல்லை."

வெளியே நரி நின்றிருந்தது. மரத்தடியில், வலது காலைத் தூக்கியபடி. பிறந்ததிலிருந்து அது அந்தக் காலைத்தான் தூக்கும். உடம்பைத் தாங்கித் தாங்கி இடது கால் உரல் மாதிரி இருந்தது.

கரடி அந்தக் காலையே பார்த்தது.

"என்னண்ணே, அப்படிப் பாக்குறீங்க?"

"சைக்கிள் ஓட்டுவியா?"

"மேடுன்னா மூச்சு வாங்கும்."

"மேடு வேண்டாம். சமதளத்துல பத்து நிமிஷம் மிதி. மூணு சைக்கிள். வண்டிக்கு ஒரு அடை தேன்."

"நக்கின தேனா, நக்காத தேனா?"

"நக்காதது. ஏறுடா."

மூன்றிலும் இருநூற்று நாற்பது. கரடி தன் பெயரில் எழுதிக் கொடுத்தது. யானை முத்திரை குத்தியது.

பந்தயத்தில் கரடி வலது காலால் மலையேறி முதலில் வந்தது. தேன்கூடு நம் காட்டுக்கே.

யானை மேடையேறியது. "பார்த்தீர்களா? மீட்டர் பொய் சொல்லாது!"

எல்லா மிருகங்களும் கைதட்டின. நரி கொஞ்சம் பலமாகத் தட்டியது.

நீதி: மலை ஏற சொந்தக் கால் ஒன்று போதும். விண்ணப்பம் ஏற நரியின் கால் வேண்டும்.