‘நிம்மதி’ என்றொரு குரூப்

அந்தக் குரூப்பில் சேராமல் இனி வீட்டில் சாப்பிடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். சாப்பாட்டு விஷயத்தை அன்று மதியமே தளர்த்திக்கொண்டேன். பசி வேறு, கொள்கை வேறு. மற்றபடி சபதம் சபதம்தான்.

எங்கள் வீட்டில் என் அப்பா, என் மாமியார், என் மனைவி, கல்லூரிக்குப் போகும் மகள், கடைசியாக நான். ‘கடைசியாக’ என்பதில் மற்ற நால்வருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. ஆளுக்கொரு போன். ஆனால் போன் என்று பெயர்தானே தவிர, ஒவ்வொருவர் கையிலும் அது ஒவ்வொரு சாமான். அப்பாவுக்கு அது பூந்தோட்டம். விடிந்ததும் ஒரு ரோஜாப் படம், அதன் தலையில் ஒரு வணக்கம். மாமியாருக்கு அது வானொலி. மடியில் வைத்து, அடுத்த தெருவுக்கும் சேர்த்துக் கேட்பார். மகள் எழுத்தையே தொடமாட்டாள். ஒரு மஞ்சள் முகம் அனுப்புவாள். அது சிரிக்கிறதா அழுகிறதா என்று நான் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் அவள் வீட்டை விட்டே போயிருப்பாள். மனைவிக்கு அது ரிமோட். அவள் அழுத்துவாள், நான் நகர்வேன்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ‘எங்கள் குடும்பம்’ என்று வீட்டுக்கு ஒரு குரூப்பை ஆரம்பித்தவனே நான்தான். அட்மினும் நான்தான். கொஞ்ச காலமாக அதில் எழுதுகிறவனும் நான் மட்டும்தான். பாவம், எல்லாருக்கும் வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை முகத்தில் பாதிச் சவரத்தோடு நிற்கிறேன். பால்கனியில் இருந்த அப்பாவின் போனிலிருந்து என் மனைவியின் குரல் முழு வால்யூமில் வருகிறது.

“மாமா, சாயங்காலம் எல்லாரும் ஐஸ்கிரீம் கடைக்குப் போறோம். அவருக்கு மட்டும் தெரிய வேண்டாம். போன தடவை கடைக்காரரோட பலகையைத் திருத்தினாரே, அந்த அவமானமே போதும்.”

நுரையோடு ஓடினேன். அப்பா மறைப்பதற்குள் பார்த்துவிட்டேன். ஒரு குரூப். அதில் அப்பா, மாமியார், மனைவி, மகள், கப்பலில் வேலை பார்க்கும் மச்சான். பெயர், ‘நிம்மதி’.

நேரே சமையலறைக்குப் போனேன்.

“என்ன இது நிம்மதி?”

மனைவி அடுப்பிலிருந்து திரும்பவில்லை. “எந்த நிம்மதி?”

“அப்பா போன்ல பார்த்தேன். எல்லாரும் இருக்கீங்க. நான் மட்டும் இல்ல.”

“நீங்களும் இருந்தா அதுக்கு எப்படிங்க அந்தப் பேரை வைக்கிறது?”

“நான் அப்படி என்ன தப்பு பண்ணேன்?”

“நீங்க எங்க தப்பு பண்ணீங்க? தப்பு பண்றவங்க நாங்க. கண்டுபிடிக்கிறவர் நீங்க.” இப்போது திரும்பினாள். கையில் கரண்டி. “எங்கம்மா குளியலறையில வழுக்கி விழுந்தாங்களே, ஞாபகம் இருக்கா? தரையில கிடந்தபடியே குரூப்ல எழுதினாங்க, ‘குலியலறையில விலுந்துட்டேன்’னு. நீங்க என்ன பதில் போட்டீங்க?”

எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. ‘குளியலறை. விழுந்து. இரண்டு இடத்தில் பிழை’ என்று போட்டிருந்தேன்.

“அடி பட்டுச்சான்னும் கேட்டேனே?”

“கேட்டீங்க. கட்டைப் பிரிச்ச அன்னைக்கு.”

“சரி, சேர்த்துவிடு. இனிமே திருத்த மாட்டேன்.”

“யாரு, நீங்களா?”

சிரித்தாள். மகளும் உள்ளறையிலிருந்து சிரித்தாள். கதவு மூடிய அறையிலிருந்து ஒருத்தி சிரித்தால், இந்த உரையாடலும் அந்தக் குரூப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்றுதானே பொருள்? அந்த நிமிஷம் எடுத்ததுதான் சபதம்.

மச்சான்தான் வழி என்று தோன்றியது. அவன் என் மனைவியின் தம்பி. கடலில் இருந்தால் சிக்னல் கிடைக்காது. கரைக்கு வந்தால்தான் பேசுவான். ஊருக்கு ஊர் புது நம்பர். அவனுடைய குரல் குடும்பத்தில் யாருக்கும் வாரக்கணக்கில் கேட்காது. ஒரு மனிதன் ஆள் மாறாட்டம் செய்வதற்கு இதைவிட வசதியான மச்சானை யாரும் பெற்றதில்லை.

மகள் கழித்துப் போட்டிருந்த பழைய போனை எடுத்தேன். கண்ணாடியில் விரிசல், ஆனால் உயிர் இருந்தது. புது சிம் போட்டேன். மச்சான் கறுப்புக் கண்ணாடியோடு கப்பல் தளத்தில் நிற்கும் படத்தை முகப்பில் வைத்தேன். அச்சகத்தில் காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து என் அப்பாவுக்கு எழுதினேன்:

‘மாமா, நான்தான். பழைய போன் கடலில் விழுந்துவிட்டது; இது புது எண். தயவுசெய்து என்னை மீண்டும் நிம்மதியில் சேர்க்கவும்.’

பெற்ற தகப்பனை ‘மாமா’ என்று எழுதும்போது விரல் கொஞ்சம் தயங்கியது. ஆனாலும் ‘விழுந்துவிட்டது’ சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டுதான் அனுப்பினேன்.

அரை மணி நேரம் ஆனது. அப்பாவுக்கு விரல் தேடி எழுத்தைத் தொட நேரம் எடுக்கும். பிறகு போன் சிணுங்கியது. சேர்த்துவிட்டார்! கோட்டைக் கதவு திறந்தது!

மனைவிதான் முதலில் வந்தாள். ‘தம்பி!!! எங்கடா இருக்க?’

‘துறைமுகத்தில் இருக்கிறேன், அக்கா, நலம். வீட்டில் அனைவரும் நலமா?’

கட்டிய மனைவியை ‘அக்கா’ என்று கூப்பிட்டுவிட்டு, மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலை ஒரே மூச்சில் காலி செய்தேன்.

அடுத்து மாமியார். ‘சாப்டியா ராசா?’

ராசா! கல்யாணமான நாளிலிருந்து என்னை ‘இந்தாங்க’ என்பதைத் தாண்டி எதுவும் அழைத்தறியாதவர். எனக்கு நெஞ்சு நிறைந்தது. சாப்பிடவில்லை என்று போட்டேன். மூன்று அழுகை முகம் வந்தது.

உள்ளே நுழைந்தாயிற்று. இருப்பதுதான் பெரும் பாடாக இருந்தது. விடிந்தால் அப்பா ரோஜாப் படம் போடுவார். மேலே ‘காளை வணக்கம்’. காளைக்கும் ரோஜாவுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மகள், எழுத்தையே தொடாத மகள், திடீரென்று ‘பள் வழி உயிர் போகுது’ என்று எழுதினாள். மனைவி, ‘வெளிய செம மலை, துணியெல்லாம் போச்சு’ என்றாள். மலை கொட்டினால் துணியா போகும், ஊரே போகுமே! உதட்டைக் கடித்துக்கொண்டேன். அச்சகத்தில் அன்று ஒரு கல்யாணப் பத்திரிகையில் மணமகள் பெயருக்குக் கீழே மூன்று கோடு போட்டுத் திருத்தினேன். அவள் பெயர் சரியாகத்தான் இருந்தது. எங்காவது போய்த்தான் ஆகவேண்டும் அந்த வேகம்.

ஆனால் சபதக்காரன் அசையவில்லை.

ஒரு மாலை மனைவி எழுதினாள்: ‘தம்பி, உன் அத்தானைப் பத்திதான் கவலை. ஃபேன்ல தூசி ஒரு மூட்டை. நான் சொன்னா கோவிச்சுக்குவார். அவரா செஞ்சா எவ்வளவு சந்தோஷமா இருக்கும்!’

விடுவேனா? வீட்டுக்குப் போனதும் சட்டையைக் கழற்றினேன், ஏணியை எடுத்தேன். எல்லா ஃபேனும் பளபளத்தது. மனைவி வாயைப் பிளந்து பார்த்தாள். மறுநாள் குரூப்பில், ‘உன் அத்தான் தானா ஃபேன் தொடச்சார்டா! தங்கமான மணுசன்’.

தங்கமான! சந்தோஷத்தில் கண்ணில் நீர் வந்தது. ‘மணுசன்’ அந்த நீரை உடனே உலர்த்தியது. இருந்தாலும் பொறுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்குக் கை ஓய்வே இல்லை. ஒழுகும் குழாய் பற்றி அக்கா தம்பியிடம் வருத்தப்படுவாள். அன்றே குழாய் வாயை மூடும். அலமாரியை ஜன்னல் பக்கம் நகர்த்தினால் நன்றாயிருக்கும் என்று ஆசைப்படுவாள். அலமாரி நகரும், என் இடுப்பும் கூடவே நகரும். மாமியாரைக் கண் டாக்டரிடம் யார் கூட்டிப்போவது என்று பேச்சு வந்தது. நானே போய், “அத்தை, கண் எப்படி இருக்கு?” என்று கேட்டேன். போகும்போதும் வரும்போதும் அவர் பேசியதைக் கேட்டதில் காதுக்கும் ஒரு டாக்டரைப் பார்த்திருக்கலாம்.

ஆனால் எனக்குள் ஒரே கொண்டாட்டம். என்னை வெளியே தள்ளினார்களே, இப்போது இவர்கள் மனதில் இருப்பது அத்தனையும் என் சட்டைப் பையில்!

இதற்கு நடுவில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. அப்பா. வீட்டில் நானும் அவரும் “சாப்பிட்டீங்களா”, “ம்” என்பதற்கு மேல் பேசிக்கொள்வதில்லை. குரூப்பில் அவர் வாய்ஸ் மெசேஜாகக் கொட்டினார். “மாப்ள, இன்னைக்குப் பூங்காவுல ஒருத்தர் நாயைக் கூட்டிட்டு வந்தாரு. வரும்போது அவரு நாயைக் கூட்டிட்டு வந்தாரு. போகும்போது நாய் அவரை இழுத்துட்டுப் போச்சு.” இதைச் சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவின் சிரிப்பை நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. காகிதக் கட்டுக்குப் பின்னால் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ‘அப்புறம் மாமா?’ என்று எழுதினேன். அவர் சின்ன வயதில் சைக்கிள் பழகி விழுந்தது, முதல் சம்பளத்தில் குடை வாங்கித் தொலைத்தது என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் ‘அப்புறம் மாமா?’ போட்டேன். பொய்ப் பெயரில்தான். ஆனால் கேட்டது நிஜமாகவே கேட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி எழுதினாள்: ‘மொட்டை மாடித் தண்ணித் தொட்டியை யாராவது கழுவினா போதும்டா தம்பி, வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு.’

தொட்டிக்குள் இறங்கினேன். பாசியோடு மல்யுத்தம் செய்தேன். ஜெயித்தது நான்தான் என்றாலும் பார்க்க அப்படித் தெரியவில்லை. தலையிலிருந்து சொட்டச் சொட்ட, கையில் துடைப்பத்தோடு கீழே வந்தேன்.

கூடத்துச் சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான் மச்சான்.

“வாங்க அத்தான்,” என்றான். “துறைமுகத்துல நான் ரொம்ப நலம்னு கேள்விப்பட்டேன்.”

துடைப்பம் கையிலிருந்து நழுவியது. சுற்றிலும் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நாடகம் பார்க்க வந்தவர்கள் மாதிரி வரிசையாக.

“எப்பத்திலேருந்து தெரியும்?” என்றேன்.

“முதல் மெசேஜ்லேருந்து,” என்றாள் மகள். “அரைப்புள்ளி போட்டீங்களேப்பா! மெசேஜ்ல யாராவது அரைப்புள்ளி போடுவாங்களா? தாத்தா உடனே என்கிட்ட கொண்டுவந்து காட்டிட்டார்.”

“அதோட,” என்றாள் மனைவி, “என் தம்பி என்னைக்கு என்னை அக்கான்னு கூப்பிட்டான்? பொறந்ததிலேருந்து ‘ஏய்’தான்.”

“அப்போ அந்தக் காளை, மலை, பள்...?”

“நீங்க எவ்வளவு நாள் தாங்குவீங்கன்னு பார்த்தோம்பா,” என்றாள் மகள். “நான் சீக்கிரம் வெடிச்சிடுவீங்கன்னு சொன்னேன். நீங்க கில்லாடி.”

“‘காளை’ நான் நிஜமாத்தான் எழுதினேன்,” என்றார் அப்பா.

மாமியார் பெருமூச்சு விட்டார். “எல்லாத்தையும்விட எனக்குத்தான் கஷ்டம். உங்களைப் போய் ராசான்னு கூப்பிடறது எவ்வளவு பாடு தெரியுமா?”

எனக்குக் கோபம் வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. இரண்டும் சேர்ந்து தும்மலாக வெளிப்பட்டது. அப்பா எழுந்து வந்து துண்டை நீட்டினார். “நீதான்னு தெரிஞ்சுதான்டா அவ்வளவும் பேசினேன்,” என்றார் மெல்ல. “நீ ‘அப்புறம்’னு கேட்ட பாரு. அது நல்லா இருந்துச்சு.”

துண்டில் முகத்தைக் கொஞ்ச நேரம் அதிகமாகவே துடைத்தேன்.

பிறகு நிமிர்ந்தேன். “எல்லாம் சரி. நான் உங்க எழுத்தைச் சும்மா விட்டேனா இல்லையா? ஒரு பிழையாவது திருத்தினேனா? என் சொந்தப் பேர்ல என்னைச் சேர்க்கணும். இப்பவே.”

மனைவி யோசித்தாள். மகளைப் பார்த்தாள். மகள் கட்டை விரலை உயர்த்தினாள். அவ்வளவுதான், சேர்த்துவிட்டார்கள். என் பெயரில், என் படத்தோடு, நிம்மதிக்குள் நான்! எடுத்த சபதத்தை முடித்த மனிதனை அன்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஈரம் சொட்டியது, இருந்தாலும் கம்பீரம்தான்.

“ஒண்ணுதாங்க கவலை,” என்றாள் மனைவி கனிவாக. “இங்க திருத்தக் கூடாது. ஆனா உங்க கை சும்மா இருக்காதே. அடக்கி அடக்கி உடம்புக்கு ஏதாவது ஆயிடப்போகுது.”

“அதுக்கு என்ன பண்றது?”

“அம்மாவோட வாக்கிங் சிநேகிதிங்க குரூப் ஒண்ணு இருக்கு. அதுல ஒரு ரிட்டயர்டு டீச்சர், அம்மா எதை எழுதினாலும் தப்பு தப்புன்னு மானத்தை வாங்கறாங்களாம். பாவம், அம்மா எழுதறதையே விட்டுட்டாங்க. நீங்க அம்மா சொல்லச் சொல்ல எழுதிக் கொடுங்களேன். உங்களை விட்டா இந்த வீட்ல யாருக்கு வரும்?”

என்னை விட்டால் யாருக்கு வரும்! இத்தனை வருஷத்தில் இந்த வீடு என் தொழிலுக்குக் கொடுத்த முதல் மரியாதை. அன்று மாலையே குளித்து, தலை சீவி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தேன். போனை வாங்கிக்கொண்டேன்.

“சொல்லுங்க அத்தை. ஒரு புள்ளிகூடத் தப்பாது.”

மாமியார் சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். தொண்டையைச் செருமினார்.

“எழுதுங்க. ‘எங்க மாப்பிள்ளைக்கு ஒரு வேலையும் உருப்படியா செய்யத் தெரியல’.”

நான் அதை ‘உருப்படியாகச் செய்யத் தெரியவில்லை’ என்று திருத்தி, முற்றுப்புள்ளி வைத்து, அனுப்பினேன்.