என் கிளைடரும் அஞ்சலையக்காவின் லெட்சுமியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு மாடு என்றால் ஆகாது. பால் குடிப்பேன், தயிர் சாப்பிடுவேன், அதெல்லாம் வேறு கணக்கு. ஆனால் ஒரு மாடு என்னை நேருக்கு நேர் பார்த்து அசைபோட்டால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கும். காரணத்தைக் கேட்டால் நீங்களும் மாட்டின் பக்கம்தான் பேசுவீர்கள், தெரியும். பேசுங்கள். நாற்பது வருடமாக எல்லாரும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறார்கள்.

அப்போது நாங்கள் மலேசியாவில் ஈஜோக் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். அப்பா அங்கே மண்டோர், அதாவது வேலையாட்களை மேய்க்கிற கங்காணி. நான் ஐந்தாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு லயத்து வரிசை வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா என்பது அப்பாவின் சொல். எனக்கு மூச்சுவிட நேரமில்லை, ஏனென்றால் எனக்கு ஒன்றுக்கு இரண்டு பைத்தியம் பிடித்திருந்தது.

முதல் பைத்தியம், ராத்திரி வானத்தைப் படம் பிடிப்பது. எண்பதுகளின் நடுவில் வால்நட்சத்திரம் ஒன்று வந்து போனதே, அது கிளப்பிவிட்ட ஆசை. கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு மணி நேரம் ஷட்டரைத் திறந்தே வைத்தால், நட்சத்திரமெல்லாம் கோடு கோடாக விழும். பூமி சுற்றுவதற்கு அதுதான் சாட்சி. கோல சிலாங்கூர் போட்டோ கடைச் சீனருக்கு இது புரியவே இல்லை. எல்லாம் கறுப்பாக இருக்கிறது, உன் கேமராவைக் கொண்டுபோய் ரிப்பேர் செய் என்று பிலிமை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார். லயத்துப் பெண்களோ, மனிதர்களைப் படம் பிடிக்கத் துப்பில்லாதவன் ஆகாயத்தைப் பிடிக்கிறான் என்று என் காதுபடவே பேசினார்கள்.

இரண்டாவது பைத்தியம், இன்ஜின் இல்லாத விமானம். கிளைடர். பழைய புத்தகக் கடையில் கிடைத்த பத்திரிகையில், ஒரு வெள்ளைக்காரர் தன் வீட்டுக் கொட்டகையில் செய்த கிளைடரோடு நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். அவரால் முடிகிறது, எனக்கென்ன குறைச்சல் என்று தோன்றியது. (எல்லாமே குறைச்சல்தான். சொன்னார்கள். நான் கேட்கவில்லை.)

இந்த நேரத்தில்தான், சுபாங் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் விமானம் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியிலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். பயிற்சி வேலை. சொந்தக் கையால் செய்த பொருள் ஏதாவது இருந்தால் படத்தோடு வரலாம் என்றிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கிளைடர் பறக்கும், அதைப் படம் பிடிப்பேன், கொண்டுபோய் மேசையில் வைப்பேன். அப்புறம் அவர்கள் பேச என்ன இருக்கிறது?

அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"இந்த வேல கெடச்சா போ. கெடைக்கலன்னா மூங்கில எல்லாம் அடுப்புல வச்சிட்டு, பாசிர் பெனம்பாங்குக்கு மாமாகிட்ட போயி மீன் லோரில ஐஸ் ஒடைக்கிற. ரெண்டுல ஒன்னு."

எங்கள் மாமாவை உங்களுக்குத் தெரியாது. அவரோடு ஒரே லோரியில் சபாக் வரைக்கும் போய் வருவதைவிட, ஐஸ் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு போகலாம்.

ஆகவே உயிரைக் கொடுத்து வேலை செய்தேன். ஆற்றோரத்து மூங்கிலை வெட்டி, காய வைத்து, ரோத்தான் பிரம்பால் இறுக்கிக் கட்டினேன். இறக்கைக்கு, மளிகைக்கடையில் கிடைத்த மாவுச் சாக்குத் துணிகளை அம்மாவின் தையல் மெஷினில் ஒட்டுப்போட்டுத் தைத்தேன். துணி காற்றுப் புகாமல் விறைப்பாக இருக்க அதற்கென்று ஒரு வார்னிஷ் பூச வேண்டும் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. ஈஜோக்கில் அதை எங்கே தேடுவது? அப்போதுதான் கொடியில் காய்ந்துகொண்டிருந்த அப்பாவின் வேட்டி கண்ணில் பட்டது. கஞ்சி போட்ட வேட்டி, பலகைபோல் நின்றது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மரவள்ளி மாவைக் கரைத்துப் பெரிய சட்டி நிறையக் கஞ்சி காய்ச்சி, மூன்று பூச்சு பூசினேன். கஞ்சி புளிக்காமல் இருக்க அம்மா சொன்னபடி தாராளமாக உப்பும் போட்டேன். காய்ந்த பிறகு தட்டினால் தவில் மாதிரி சத்தம் கேட்டது. (இந்த இடத்தில் சிலர் இப்போதே சிரிக்கத் தொடங்கியிருப்பார்கள். மாடு வளர்த்தவர்கள்.)

ஞாயிற்றுக்கிழமை காலையில், பந்துத் திடலை ஒட்டிய மேட்டிலிருந்து ஓடி வந்து பறப்பதாகத் திட்டம். தோட்டம் முழுக்கச் சொல்லியாயிற்று. சனிக்கிழமை வரை கிளைடர் பழைய ஸ்டோருக்குள் பத்திரமாக, கதவு சாத்திக் கிடந்தது. அங்கேயே கிடந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. என் இரண்டு பைத்தியமும் சேர்ந்து வேலை செய்தன. கீழே என் கிளைடரின் வெள்ளை இறக்கை, மேலே வானம் முழுக்க நட்சத்திரக் கோடுகள். இப்படி ஒரு படத்தையும் கொண்டுபோய் வைத்தால் கம்பெனிக்காரர்கள் எழுந்து நின்று கை கொடுப்பார்கள். கிளைடரை வெளியே இழுத்துவந்து திடலில் நிறுத்தினேன். இருட்டியதும் கேமராவை வைத்து, ஷட்டரைத் திறந்து பூட்டிவிட்டு, ஒரு மணி நேரம் காவல் இருப்பதற்காகப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்றுதான் முதலில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு விடிவதற்கு முன்பே சந்தைக்குப் போகிற ஆட்களின் பேச்சுச் சத்தத்தில்தான் எழுந்தேன். கேமரா இருந்த இடத்தில் இருந்தது. கிளைடரின் மூங்கில் கூடும் இருந்தது. இறக்கையைக் காணோம். அந்த இடத்தில் எங்கள் லயத்து அஞ்சலையக்காவின் வெள்ளை மாடு லெட்சுமி நின்று, வாயோரம் தொங்கிய கடைசித் துண்டு மாவுச் சாக்கை நிதானமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தது. அசைபோட்டது. கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

நான் போட்ட சத்தத்தில் லயமே திரண்டு வந்தது. நியாயம் கிடைக்கும் என்று நினைத்தேன். அஞ்சலையக்கா ஓடி வந்து மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். லெட்சுமி நிறைமாதச் சினையாம். அவ்வளவுதான், கூட்டம் மொத்தமும் என்மேல் பாய்ந்தது. துணி தின்ற மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன ஆவது, கன்றுக்கு என்ன ஆவது, வாயில்லாச் சீவன் இருக்கும் இடத்தில் இப்படியா கொண்டுவந்து வைப்பது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். என் இறக்கையைப் பற்றி ஒருவர், ஒரே ஒருவர், கேட்கவில்லை.

வயிறெரிந்து, கட்டிப்போட்டு வளர்க்க வேண்டியதுதானே என்று அஞ்சலையக்காவிடம் சீறினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"தெனம் உங்க வூட்டுக் கஞ்சித் தண்ணியக் குடிச்சு வளந்த மாடுய்யா இது. அதே வாசத்த கொண்டாந்து நடுத் தெடல்ல வச்சா, அதுக்கு எது ப்ளேனு எது தொட்டின்னு எப்புடித் தெரியும்?"

உண்மைதான். தினமும் சாயங்காலம் வீடு வீடாக வாளியோடு வந்து மாட்டுக்குக் கஞ்சித் தண்ணீர் வாங்கிப் போவார். எங்கள் வீட்டுக் கஞ்சிதான் லெட்சுமிக்கு உசத்தி, அம்மா உப்புப் போடுவாள் என்பதால்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாக மருந்து கொடுக்கும் டிரெசரைக் கூட்டி வந்தார்கள். (எனக்குக் காய்ச்சல் வந்தபோது நாளைக்கு வா என்று சொன்ன அதே ஆள், மாட்டுக்கு ஓடி வந்தார்.) இஞ்சியும் பெருங்காயமும் இடித்துப் புகட்டினார்கள். மாடு படுத்துவிடக் கூடாது, நடத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டிரெசர். அப்பா கயிற்றை என் கையில் கொடுத்தார்.

நான் வானத்தில் பறந்திருக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலையில், அதே திடலை ஒரு சினைமாட்டோடு சுற்றிச் சுற்றி வந்தேன். நான் பறப்பதைப் பார்க்கச் சேர்ந்த கூட்டம் கலையவில்லை. பாய் போட்டு உட்கார்ந்து, தேநீர் குடித்துக்கொண்டு பார்த்தது. வெயில் ஏறிய பிறகு லெட்சுமி நின்று, நீளமாக ஓர் ஏப்பம் விட்டு, அப்புறம் மற்றதையும் செய்தது. கூட்டம் கை தட்டியது. என் வாழ்நாளில் எனக்கு யாரும் அப்படித் தட்டியதில்லை.

ராத்திரி முழுக்க ஷட்டர் திறந்தே கிடந்த பிலிமைக் கொண்டுபோய், கறுப்பாக இருந்தாலும் பரவாயில்லை, கழுவிப் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள் என்று போட்டோ கடையில் கெஞ்சினேன். இந்த முறை அவர் திருப்பித் தரவில்லை. கடையிலிருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். வானம் முழுக்க அருமையான கோடுகள். பிந்தி எழுந்த நிலா வெளிச்சத்தில், இறக்கை இருந்த இடத்தில் லெட்சுமி. ஒரே இடத்தில் நின்று தின்றதால் கால் நான்கும் தெளிவு. தலையை ஆட்டி ஆட்டித் தின்றதால் முகம் மட்டும் மூன்று. கீழ் மூலையில், கேமராவை நோக்கி நீட்டியபடி, என் இரண்டு பாதங்கள். அவை கொஞ்சமும் அசையாததால் படத்திலேயே அவைதான் துல்லியம். நான் கண் அசந்தது ஒரு நிமிடம்தான் என்று சொல்லிவந்தது அன்றோடு எடுபடாமல் போயிற்று.

வேறு படம் இல்லை. அதைத்தான் சுபாங்குக்குக் கொண்டுபோனேன். அங்கே மூத்த இன்ஜினியர் ஒருவர், யாழ்ப்பாணத்துத் தமிழர், படத்தைத் தூரமாகவும் கிட்டவாகவும் வைத்துப் பார்த்தார். கிளைடர் எங்கே என்றார். பாதி, மாட்டின் வயிற்றில் என்றேன். அவர் சிரிக்கவில்லை. நீளம், அகலம், எடை, நான் உட்காரும் இடம் எல்லாம் கேட்டு, ஒரு தாளில் கணக்குப் போட்டார். மாமாவின் லோரி என் கண்முன் வந்து நின்று ஹார்ன் அடித்தது.

"தம்பி, இது மேட்டில இருந்து கிளம்பி ஒரு பனை உயரம் போயிருக்கும். பிறகு மூக்கு மேல தூக்கி, வால் பக்கமா விழுந்திருக்கும். நீர் இண்டைக்கு இங்க வந்திருக்க மாட்டீர்."

எழுந்து போய்விடலாம் என்று நாற்காலியைத் தள்ளினேன். அவர் படத்திலிருந்த மூங்கில் கூட்டின் மேல் விரலை வைத்தார்.

"ஆனா ராத்திரி முழுக்க ஒரு மாடு இழுத்தும் இந்தக் கட்டு ஒண்டு கூட அவிழேல்லையே. ஆர் கட்டினது?"

நான்தான் என்றேன். வேலை கிடைத்தது.

வீட்டுக்கு வந்து நடந்ததை அப்படியே சொன்னேன். (வேலை கிடைத்தது என்பதோடு நிறுத்தியிருக்கலாம்.) அப்பா முழுவதையும் கேட்டார். பிறகு எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு மூட்டை தவிடு வாங்கித் தோளில் வைத்து அஞ்சலையக்கா வீட்டுக்குப் போனார். என் மகன் உயிரைக் காப்பாற்றியதும் லெட்சுமி, அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் லெட்சுமி என்று அங்கே போய்ச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு லீவு போட்டு வரச்சொல்லி, என் கையாலேயே அதற்கு மாலை போடவைத்தார். விழுந்து கும்பிடவும் வைத்தார். லெட்சுமி அந்த மாலையைத் தின்றது.

முப்பது வருடத்துக்கு மேல் விமானங்களுக்கு வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றுவிட்டேன். நான் கை வைத்த ஒரு விமானமும் ஒரு தடவைகூட மக்கர் செய்ததில்லை. அதை வீட்டில் யாராவது பேசுகிறார்களா? லெட்சுமி போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. நான் எடுத்த அந்தப் படத்தை அப்பா பெரிதாகப் போட்டு, சட்டமடித்துக் கூடத்தில் மாட்டிவிட்டுத்தான் போனார். மாட்டுப் பொங்கலன்று அதற்குச் சந்தனம், குங்குமம், பூ. வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்வார்கள்.

போன பொங்கலுக்கு என் புது மருமகள் படத்துக்குப் பொட்டு வைக்கப் போனாள். சாமிப் படத்துக்கு எப்போதும் பாதத்தில்தானே பொட்டு வைப்போம் என்று மாட்டின் காலைத் தேடியவள், மூலையைக் காட்டி, "மாமா, இந்தக் காலுக்கும் பொட்டு வைக்கணுமா, யாரு காலு இது?" என்று பணிவாகக் கேட்டாள்.

கூடத்தில் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மனைவிக்குப் புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. பதில் சொல்வதற்குள் அந்தப் பெண் இரண்டு பாதத்திலும் நன்றாகக் குங்குமம் வைத்துவிட்டாள்.